இமாட்டினிப் 400: மோட்டார் மெக்கானிக் ஒருவனின் ஐந்தரை வருட விமர்சனம்

போன், மிக்ஸி, பிரியாணிக் கடை என்று எல்லாவற்றுக்கும் விமர்சனம் வருகிறது. நான் தினம் ஒன்று விழுங்குகிற மாத்திரைக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எல்லாம் இருக்கிறதுதான், ஆனால் அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும். சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பொருள்: இமாட்டினிப் 400 மி.கி., உள்நாட்டுத் தயாரிப்பு. இதுவரை நான்கு கம்பெனி மாறியிருக்கிறேன், பெயர்கள் வேண்டாம். விழுங்குபவர்: கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற 49 வயது ஆள். நோய்: நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய், டாக்டர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். இதுவரை உள்ளே போனது சுமார் 2,000 மாத்திரை.

2019 ஆவணியில் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றால், அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்பே நான்கைந்து மாதமாகப் பாதி சாப்பாட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். இடது விலா எலும்புக்குக் கீழே செங்கல் வைத்த மாதிரி ஒரு கனம். ஐந்து எச்.பி. மோட்டாரை ஆள் வைத்துத்தான் தூக்கினேன். கேஸ் டிரபிள் என்று நானே முடிவு செய்து சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு கடைக்கு வந்தால், லேப் பையன் போன் செய்து, "அண்ணே, மிஷின்ல ஏதோ கோளாறு போல, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும், வாங்க" என்றான். மிஷினில் கோளாறு இல்லை. வெள்ளை அணுக்கள் 1,86,000. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியது. வயிற்றில் செங்கல் என்று நினைத்தது வீங்கிப்போன மண்ணீரல்.

புதுச்சேரியில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் பக்கத்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "கோரிமேடா?" என்று கேட்டார். கடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜிப்மர் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இடம். கோரிமேடு இல்லை, வேறு இடம் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.

டாக்டர் அம்மா பொறுமைசாலி. என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு விளக்கினார். வீட்டுக்கு வந்து அதை நான் ஸ்டார்ட்டர் பெட்டியாக மாற்றிப் போட்ட பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மாத்திரை என்ன செய்கிறது என்பது இதைச் சொல்லாமல் விளங்காது, அதனால் அதையே எழுதுகிறேன்.

மோட்டார் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று உண்டு. லோடு ஏறினால், மோட்டார் சூடானால், அது ட்ரிப் ஆகி மோட்டாரை நிறுத்திவிடும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஒரு ரிலே இருக்கிறது. செல் பழுதானாலோ, தேவை தீர்ந்தாலோ, ரிலே விழுந்து செல் தானே சுருங்கித் துண்டு துண்டாகும். பக்கத்துச் செல்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைச் சொல்லும் வார்த்தையாம். அது மட்டுமில்லை, "இரு, இன்னும் வேலை இருக்கிறது" என்று வெளியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால்தான் செல் இருக்கும். செய்தி நின்றால் ரிலே விழும். இந்தச் செய்திக்குத்தான் உயிர்வாழும் சமிக்ஞை என்று பெயர்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர் என் கஸ்டமர். அவர் ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலேயில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டார். அப்புறம் அது விழவே விழாது. கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் மோட்டார் ஓடும், காயில் கருகும் வரை ஓடும். சி.எம்.எல். செல்லுக்குள் நடப்பதும் இந்தத் தீக்குச்சி வேலைதான்.

ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9ஆம் குரோமோசோமின் நுனியும் 22ஆம் குரோமோசோமின் நுனியும் இடம் மாறிவிடுகின்றன. குட்டையாகிப்போன அந்த 22ஆம் குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அது இடமாற்றம் என்று 1973இல் கண்டு சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. இடம் மாறியதில் இரண்டு ஜீன்கள் ஒட்டி, பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புது புரதம் பிறக்கிறது. நல்ல ஏ.பி.எல். என்பது ஆன் ஆகி ஆஃப் ஆகிற சுவிட்ச். ஒட்டிப்போனது எப்போதும் ஆன். ஸ்டார்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற காண்டாக்டரின் பாயின்ட் உருகி ஒட்டிக்கொண்டால் சிவப்பு பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் மோட்டார் நிற்காதே, அதே கதை. "பெருகு" என்று சொல்வதோடு நிற்காமல், சாகவும் விடாது. ஸ்டாட்5 என்ற இன்னொரு புரதத்தை முடுக்கி பி.சி.எல்.-எக்ஸ்.எல். என்ற புரதத்தை நிறையச் செய்ய வைக்கிறது; அதுதான் தீக்குச்சி. ரிலேயை இழுத்துவிட வேண்டிய பிம் என்ற புரதத்தைத் தலையெடுக்க விடாமல் அமுக்கி வைக்கிறது. போக வேண்டிய வெள்ளை அணுக்கள் போகாமல், புதிது புதிதாகவும் வந்து சேர்ந்தால் 1,86,000 ஆகத்தானே செய்யும்.

இந்தப் புரதத்துக்குக் கரண்டு ஏ.டி.பி. என்ற பொருள். அது வந்து உட்காரும் சாக்கெட்டில் இமாட்டினிப் முதலில் போய் அடைத்துக்கொள்கிறது. குழந்தைகள் விரல் விடாமல் இருக்க பிளக் பாயின்டில் பிளாஸ்டிக் மூடி போடுவார்களே, அப்படி. செய்தி நிற்கிறது, பிம் எழுந்துகொள்கிறது, தீக்குச்சி பலமிழக்கிறது, ரிலே விழுகிறது. பழைய கீமோ மருந்துகள் ஓடுகிற மோட்டாரைச் சம்மட்டியால் அடிக்கிற ரகம், பக்கத்தில் ஒழுங்காக ஓடும் மோட்டாருக்கும் அடி விழும். இது விஷம் இல்லை. பொய் உத்தரவைப் பிடித்து நிறுத்துகிற மாத்திரை. முடி கொட்டவில்லை, கடையை ஒரு வாரம் கூட மூடவில்லை.

பலன் எப்படி? முதல் பத்து நாள் எண்ணிக்கையைக் குறைக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் இமாட்டினிப். ஐந்தாவது வாரம் வெள்ளை அணுக்கள் 7,400. செங்கல் கரைந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணை வைத்துச் சந்தோஷப்படக் கூடாது, உண்மையான மார்க் ஷீட் பி.சி.ஆர். (PCR) என்ற டெஸ்டு. அந்த ஒட்டு ஜீன் எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்லும். மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறு மாதத்தில் 1, ஒரு வருடத்தில் 0.1 என்பது பாஸ் மார்க். எனக்கு 7.2, 0.8, 0.09 வந்தது. ஒவ்வொன்றிலும் பார்டரில் பாஸ். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான்.

இனி குறைகள். மாத்திரை பெரிது, உடைந்தால் கசப்பு. சாப்பிட்ட உடனே, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்துதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு முறை போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். முதல் இரண்டு மாதம் மீன் குழம்பு வாசனையே ஆகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீன் வாசனை ஆகாது என்றால் அந்த வாழ்க்கையை என்ன சொல்வது! மதியம் சங்கரா மீன் குழம்பு, பின்னாலேயே மாத்திரை என்று வழக்கத்துக்கு வர மூன்றாவது மாதம் ஆகியது. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், ராத்திரி முழுக்கத் தூங்காதவன் மாதிரி. வருகிற கஸ்டமர் எல்லாம் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். நடுராத்திரி கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிப் பிடிக்கும். எழுந்து சுவரில் காலை ஊன்றி நிற்க வேண்டும். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு நாள் உண்டு.

தோல் வெளுப்பதுதான் யாரும் எதிர்பார்க்காத விஷயம். நான் நல்ல கறுப்பு. இரண்டாவது வருடத்தில் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போனால், "என்ன மாப்ளே, ஏ.சி. ரூம்லயே உக்காந்திருக்கியா? வெளுத்துட்ட" என்கிறார் ஒருவர். வீட்டுக்காரம்மா அதற்கும் மேல்: "பொண்ணு பாக்க இந்தக் கலர்ல வந்திருந்தீங்கன்னா ஒரு வாரம் யோசிச்சிருக்க மாட்டேன்." டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். இந்த மாத்திரை ஏ.பி.எல். சாக்கெட்டை மட்டும் அடைப்பதில்லை, கிட் என்ற இன்னொன்றையும் அடைக்கும். தோலுக்கு நிறம் தருகிற செல்கள் கிட் வழியாக வரும் செய்தியை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்தச் செய்தி குறைந்தால் நிறமும் குறையும். இரைப்பையில், குடலில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டி இதே கிட் செய்தியில்தான் பெரும்பாலும் வளர்கிறதாம், அதனால் அதற்கும் இதே மாத்திரை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்தில் ஒரு அக்கா கையில் என் மாத்திரை அட்டையே இருந்தது. ரத்தப் புற்றா என்று கேட்டேன், அவர்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள்.

விலை. இதில் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிரையன் ட்ரூக்கர் என்ற டாக்டர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்து, 2001 மே மாதம் அங்கே அனுமதி கிடைத்தது. நோவார்டிஸ் கம்பெனியின் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்தது 8,000 முதல் 10,000 வரை. இங்கே காப்புரிமை வேண்டும் என்று அவர்கள் போட்ட மனுவை முதலில் தள்ளியது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான், 2006இல். அதன் பின் கோர்ட்டு கோர்ட்டாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கிடையாது என்று முடித்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் படிக வடிவத்தை மாற்றியதற்காகப் புதுக் காப்புரிமை தர முடியாது, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு இதைத் தடுக்கிறது என்பது தீர்ப்பு. இன்று உள்நாட்டு மாத்திரை அன்றைய விலையைவிடவும் இறங்கியிருக்கிறது. அட்டையில் அச்சடித்த விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். மாதம் 1,20,000 என்றால் நான் கடையை விற்றிருந்தாலும் ஒரு வருடம் தாண்டியிருக்காது.

உள்நாட்டு மாத்திரை வேலை செய்யுமா என்று சொந்தக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். நான்கு கம்பெனி மாறியும் என் பி.சி.ஆர். எண் கம்பெனிக்காக ஏறவில்லை. ஒரு தரம் ஏறியது, அது வேறு காரணம்.

2022 மாசி மாதம். வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று வேறொரு கடையில் வாங்கினேன். வேலை மும்முரம், அட்டையைப் பார்க்காமல் மேசை டிராயரில் போட்டுவிட்டேன். மாத்திரை சின்னதாக இருந்தது. அட, இந்தக் கம்பெனிக்காரன் நல்லவன், விழுங்க லேசாக இருக்கிறதே என்று பாராட்டக்கூடச் செய்தேன். பதினோராவது நாள் என் மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அப்பா, இதுல 100னு போட்டிருக்கு" என்றாள். 400க்குப் பதில் 100. பதினொரு நாள் கால் பங்கு மருந்து. கடையில் போய்க் கேட்டால், "சீட்டுல இமாட்டினிப்னுதான தெரிஞ்சுது" என்றார்கள். சீட்டில் 400 என்று தெளிவாகவே இருந்தது. சண்டை போட்டுப் பணம் திரும்ப வாங்கியது வேறு விஷயம், தப்பில் பாதி என்னுடையது. தினம் கெப்பாசிட்டரில் மைக்ரோ ஃபாரடைப் படிக்காமல் மாட்டாத நான், என் மாத்திரையில் மில்லிகிராமைப் படிக்கவில்லை.

டாக்டர் அம்மா திட்டவில்லை. முன்கூட்டியே பி.சி.ஆர். எடுக்கச் சொன்னார். 0.03இல் இருந்தது 0.08. இந்த அளவு ஏற்ற இறக்கம் டெஸ்டிலேயே வரலாம், இருந்தாலும் விடக் கூடாது என்றார். அடுத்த முறை இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் லண்டன் ஆய்வு ஒன்றைச் சொன்னார், 2010இல் வெளியானது, 87 நோயாளிகள். மாத்திரையில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறவிடாதவர்களில் 94.5 சதவீதம் பேர் ஆறு வருடத்தில் அந்த 0.1க்குக் கீழே வந்திருக்கிறார்கள். தவறவிட்டவர்களில் 28.4 சதவீதம்தான். மூடியை எடுத்தால் சாக்கெட்டில் கரண்டு வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். மஜ்ஜைக்குள் தூங்கிக் கிடக்கும் சில மூலச் செல்களை இந்த மாத்திரையால் கொல்ல முடிவதில்லை. அவை வேறு செய்திகளின் தயவில் பிழைத்துக் கிடக்கின்றன. இன்னொரு ஆபத்தும் உண்டு. சில சமயம் சாக்கெட்டே வடிவம் மாறிவிடும். டி315ஐ (T315I) என்கிற மாற்றத்தில் 315ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது, மூடி பொருந்தாமல் போகிறது. அடுத்த தலைமுறை மாத்திரைகளான டாசாட்டினிப், நிலோட்டினிப் கூட அதில் பொருந்தாது. பொனாட்டினிப் மாதிரி வேறு மருந்துக்குப் போக வேண்டும்.

மற்றப் புற்றுநோய்களுக்கும் இப்படி ஒரே மாத்திரை கொடுக்க வேண்டியதுதானே என்று என் மச்சான் கேட்டான். அங்கே பெரும்பாலும் ஒரு லைன் இல்லை. ஈ.பி. போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் ஜெனரேட்டர் என்று கல்யாண மண்டபம் மாதிரி. ஒரு செய்தியை அடைத்தால் செல் இன்னொரு வழியில் செய்தி வாங்கிக்கொள்கிறது. சி.எம்.எல். ஆரம்பக் கட்டத்தில் ஒரே லைனில் தொங்குவதால் எங்களுக்கு அதிர்ஷ்டம். லைனை விட்டுவிட்டு நேரே தீக்குச்சியைப் பிடுங்கும் மருந்தும் இருக்கிறது. பி.சி.எல்.-2 என்ற இன்னொரு தீக்குச்சிப் புரதம் செல்லைப் பெருக்குவதில்லை, சாகாமல் காப்பாற்றத்தான் செய்கிறது என்று 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கண்டுபிடித்தார்கள். அதைப் பிடுங்குகிற வெனிட்டோகிளாக்ஸ் 2016இல் வந்தது. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், எழுபது வயது இருக்கும், வேறு வகை ரத்தப் புற்றுக்கு அதைச் சாப்பிடுகிறார். முதல் வாரம் 20 மி.கி., அப்புறம் 50, 100, 200, 400 என்று வாரா வாரம் ஏற்றினார்களாம். "எல்லாம் ஒரே நாள்ல செத்தா கிட்னி தாங்காதாம் தம்பி, அதான் கொஞ்சம் கொஞ்சமா" என்று பலாப்பழம் விலை சொல்வது போல் சொன்னார்.

நிறுத்த முடியுமா? பிரான்சில், இரண்டு வருடத்துக்கு மேல் டெஸ்டில் எதுவும் தெரியாத 100 பேரை நிறுத்த வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் பத்தில் நான்கு பேருக்குத்தான் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இன்னும் ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். யாரும் தானாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். காச நோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவற்றில் சில இதன் வேகத்தைக் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் கூடாது, பம்பளிமாஸும் அந்த ஜாதிதான். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

மார்க் போட வேண்டுமென்றால் மாத்திரைக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் கெண்டைக்காலுக்காகக் குறைத்தேன்.

இப்போது நான் வாங்குவது மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கடை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். புதுச்சேரிக்குப் போகவே முடியாது என்றார்கள். என் டிராயரில் மூன்று மாத்திரை. போன் செய்தேன், கடையில் கரண்டு இல்லை, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார். மேலே என் பெயரும் 400 என்றும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. "மழைன்னு சொன்னப்பவே உங்களுக்கும் அந்த டீச்சரம்மாவுக்கும் எடுத்து வச்சிட்டேன்ணே" என்றார். டார்ச் வெளிச்சத்தில் இருவரும் அட்டையைத் திருப்பி மில்லிகிராமைப் படித்தோம். பணம் கூட அடுத்த வாரம்தான் கொடுத்தேன். அந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூடிவிடுவார், மாத்திரை தீருவதற்கு நான்கு நாள் முன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். 400 என்று இரண்டு தரம் சொல்லுங்கள்.